கீழ்ப்படுக்கை இரண்டு, மேல்படுக்கை ஒன்று

பெட்ரீசியாவுக்கு விமானம் என்றாலே பயம். பாங்காக் போவதென்றால் ரயில்தான் என்று கல்யாணமான புதிதிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சிமெண்டுக் கம்பெனி ஸ்டோரில் காலமெல்லாம் மாரடித்துவிட்டுக் கணவன் சில்வெஸ்டர் ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தத் தீர்ப்பு அமலுக்கு வந்தது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை ஒரு ரயில். அங்கே எல்லையில் மாறினால், இரவு முழுக்கப் படுத்துக்கொண்டே போகிற தாய்லாந்து ரயில். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படுக்கைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கீழ்ப்படுக்கை ரெண்டு, மேல ஒன்னு போடுங்க. எனக்கும் அக்காவுக்கும் கீழ. நீங்க மேல ஏறிக்குங்க.”

“என் முட்டி ஏறுமா?”

“பந்து வெளையாட்டு பாக்கறப்ப சோபா மேல ஏறிக் குதிக்குதுல்ல அந்த முட்டி? ஏறும்லா.”

அக்கா என்று அவள் சொன்னது சில்வெஸ்டரின் கூடப்பிறந்த ஜூலியானாவை. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் வெகுகாலம் இருந்து, தேறி, இப்போது ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் இருக்கிறாள். அவளையும் கூட்டிப் போகவேண்டும் என்று முதலில் சொன்னதே பெட்ரீசியாதான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்று உதட்டுச்சாயம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டாள். ரயிலில் போகிறோம் என்பதை மட்டும் சில்வெஸ்டர் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

“டிக்கெட்டு எடுக்கறதுக்கு முன்ன அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்.”

“கேக்க என்ன இருக்கு? ரயில்ல போக யாருக்குக் கசக்கும்?”

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன விதம் அவளுக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், பாவம்.

கல்யாணத்துக்கெல்லாம் வெகு முன்னால், சில்வெஸ்டரின் குடும்பம் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தது. ஜூலியானாவுக்கு இருபது வயது. தூக்கம் போயிற்று, தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். ஒருநாள் மரத்தில் கட்டியிருந்த ரப்பர்பால் கோப்பைகளைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். செபம் பலிக்கவில்லை, மந்திரித்த தண்ணீரும் பலிக்கவில்லை. ஜூலை மாதம் வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா; தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறுகிற சமயம். திருவிழாவுக்குத்தான் போகிறோம் என்று அப்பா சத்தியம் செய்து, புதுப் பாவாடை கட்டவைத்து அவளை ரயிலேற்றினார். வடக்கே போகிற ரயில் தஞ்சோங் ரம்புத்தானில் நின்றது. அப்பா அவள் கையைப் பிடித்து இறக்கினார். அம்மாவும் பதினேழு வயது சில்வெஸ்டரும் இறங்கவில்லை. அவர்கள் திருவிழாவுக்கே போனார்கள். போய், அவளுக்காக மெழுகுவர்த்தியும் ஏற்றினார்கள். வெட்கங்கெட்ட பக்தி.

வடக்கே போக இன்றைக்கும் அதே தண்டவாளம்தான்.

இல்லத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சில்வெஸ்டர் வாங்கிப்போன கறிபாப் பலகாரத்தை ஜூலியானா ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தாள்.

“பேங்காக்ல மழை பேயுமா தம்பி? குடை எடுத்துக்கணுமா?”

“எடுத்துக்கலாம்க்கா.” அவன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான். “நாம ரயில்ல போறோம்க்கா. பெட்ரீசியாவுக்கு பிளேன் ஆகாது.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மடியில் கிடந்த துகள்களை அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“அங்க நிக்குமா?”

எங்கே என்று அவன் கேட்கவில்லை. “நிக்காதுக்கா. இப்ப உள்ள ரயிலு சர்ருன்னு தாண்டிப் போயிரும். சத்தியமா.”

“அப்பாவும் சத்தியம் பண்ணித்தான் ஏத்துனாரு.”

“நான் பக்கத்துலயே உக்காந்து வாரேன்க்கா. உன் கையப் புடிச்சிக்கிறேன்.”

ஜூலியானா அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அன்னைக்கும் நீ பக்கத்துலதான்டா தம்பி உக்காந்திருந்த.”

அவளே அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல.”

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

“ஏங்க, கீழ்ப்படுக்கை எல்லாம் காலியாகிட்டே இருக்கு. கேட்டாச்சா? மூணும் போட்டுரவா?”

பஸ்ஸில் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்ரீசியா மறுத்திருக்கமாட்டாள், ஏன் என்று மட்டும் கேட்டிருப்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். அப்பாவை, அம்மாவை, சன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த தன்னை. அக்கா வராததில் மனதின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப்பார்த்ததே, அதையும். நினைக்கவே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“ரெண்டு போடு,” என்றான்.

“அக்கா?”

“அக்காவுக்கு ஒடம்பு முடியலையாம்.”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் ஜூலியானா. தின்னாமல் மிச்சமிருந்த கறிபாப்பைக் காகிதத்தில் மடித்து அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.