பாலத்து ராசாவும் சுகிர்தத்தின் கையெழுத்தும்

என் மனைவி சுகிர்தத்துக்கு முதல்முறை பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக்கடை வைத்திருப்பவன் வாத்தியார் வேலை பார்த்தால் அப்படித்தான் முடியும். நேர்காணலுக்கு வரக்கூடிய தொண்ணூற்றாறு கேள்வி பதில்களை ஒரு கொப்பியில் எழுதி, தேவாரம் மாதிரி வரிசையாகப் பாடமாக்க வைத்தேன். அதிகாரி நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டார். சுகிர்தம் மனதுக்குள் முதலாவதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

இரண்டாம் முறை என் கொப்பியை அவள் தொடவேயில்லை. அந்தக் குதிரைக்கார ராசாவைப் பிடித்துக்கொண்டாள்.

செய்ன் ஆற்றின் பொன் நெஃப் பாலத்தில் நான்காம் ஹென்றி வெண்கலக் குதிரையில் இருக்கிறார். ஆற்றோரத்து அலுவலகம் ஒன்றைத் துப்புரவாக்கப் போகும் சுகிர்தம் தினமும் விடியற்காலையில் அவரைத் தாண்டித்தான் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கடை மல்லிகைச் சரம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சிலையைச் சுற்றியிருந்த கம்பியில் கட்டிவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது.

"உமக்கென்ன விசரே? அது சாமியில்லை, ராசா!"

"ஓம், தெரியும். அவர் என்ன செய்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

என் கொப்பியில் அவர் பிறந்த ஆண்டும் செத்த ஆண்டும் மட்டும்தான் இருந்தன. சுகிர்தம் மகள் தாட்சாயினியிடம் கேட்டுக் கதை முழுவதையும் அறிந்து வைத்திருந்தாள்.

"அவர் புரட்டஸ்தாந்துக்காரன். உயிருக்காகவும் முடிக்காகவும் கத்தோலிக்கராய் மாறினவர். ஆனா மற்றவையை மாறச் சொல்லேல்லை. உங்கடை மதத்தோடையே இருங்கோ, உத்தியோகம் பாருங்கோ எண்டு நாந்த் நகரத்திலை சாசனம் எழுதிக் குடுத்தவர்."

"பிறகு என்ன நடந்தது?"

"பேரன்காரன் அதை இல்லாமல் செய்துபோட்டான். அதாலைதான் சொல்லுறன், சாசனத்திலை என்ன இருக்கெண்டு சனத்துக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

நேர்காணல் அன்று நான் வெளியே காத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் கடந்தது. நான் வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் நிமிர்ந்த நடையோடு வந்தாள்.

"என்ன, இவ்வளவு நேரம்?"

"அதிகாரி அம்மா ராசாக்களிலை ஒருத்தரைச் சொல்லச் சொன்னவ. எங்கடை ஆளைச் சொன்னன். பிறகு பிரெஞ்சுக் குடிமக்களின்ரை உரிமை, கடமைச் சாசனத்தை நீட்டி, கையெழுத்து வையுங்கோ எண்டவ. வாசிச்சிட்டு வைக்கிறன் எண்டன்."

"அதிகாரியிட்டையோ அப்பிடிச் சொன்னனீர்?"

"ஓம். வரிவரியாய் வாசிச்சன். விளங்காத சொல்லை அவவிட்டையே கேட்டன். அவ கதிரையை எனக்குப் பக்கத்திலை இழுத்துப்போட்டு இருந்து சொல்லித் தந்தா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அகதிக் கடதாசி, வீட்டுக் கடதாசி, வேலைக் கடதாசி எல்லாத்திலையும் நீங்கள் விரல் வைச்சுக் காட்டின இடத்திலைதான் நான் கையெழுத்து வைச்சனான். இது நான் வாசிச்சு வைச்சது."

முடிவு வர இன்னும் மாதங்கள் ஆகும். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நடுத்தெருவில் நின்று, இவள் என் மனைவி என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பெருமை.

பாலத்துக்குப் போவோம் என்றாள். போனோம். சிலைக்கு முன்னால் கைப்பையிலிருந்து சாசனத்தின் பிரதியை எடுத்தாள். அதையும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"எட்டு வருசத்துக்கு முதல் நீங்களும் இதிலைதானே கையெழுத்து வைச்சனீங்கள். என்ன எழுதியிருந்தது?"

நான் குதிரையைப் பார்த்தேன். அது உதவிக்கு வரவில்லை.

"கீழை இடம் விட்டிருந்தவை. வைச்சன்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியைப் பிரெஞ்சில் வாசித்து, எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் எல்லாத்திலையும் சம உரிமை."

"சரி, அடுத்த வரி?"

"முதல் இது விளங்கிச்சோ?"

தொண்ணூற்றாறு கேள்வி கேட்ட வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"விளங்கேல்லை சுகிர்தம்," என்றேன். "முதலிலை இருந்து வாசியும்."