ஷிஜி சொல்லியிருக்க வேண்டிய பதில்கள்

மைதானத்தில் தேர்வானவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் வந்தது. ஷிஜியின் எண் வரவில்லை.

வாசித்த ஏர்ஃபோர்ஸ்காரர் தாளை மடித்துக்கொண்டு போன பிறகும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். அவர் மாற்றி வாசித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆறு மாதமாக விடியுமுன் என் வீட்டுக் கதவைத் தட்டி, என்னை இழுத்துக்கொண்டு ஓடியவள் ஷிஜி. இன்றைய ஓட்டத்திலும் எனக்கு வெகுதூரம் முன்னால் முடித்தவள். விமானப்படை அவளுடைய ஆசை. நான் துணைக்குப் போனவள்.

எங்களைப் பிரித்தது கடைசிக் கேள்வித்தாள். படை வாழ்க்கைக்கு ஒத்துவருவோமா என்று பார்ப்பது. கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா? பிடிக்காத கட்டளையை என்ன செய்வாய்? சரி, தவறு என்று எதுவுமில்லை, உண்மையைக் குறித்தால் போதும் என்றார்கள். என் உண்மை எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ரஷ்ய நாவலைப் படித்தால் பனியில் காவல் நிற்கும் சிப்பாயும் நான்தான், ஊரில் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும் மனைவியும் நான்தான். இதில் யாரைக் குறிப்பது? நேரம் போய்க்கொண்டிருந்தது. ஷிஜி என்ன சொல்வாள் என்று யோசித்து, எல்லாவற்றையும் அப்படியே குறித்துவிட்டேன்.

ஆக, ஷிஜியை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஷிஜியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பானூர் ஓட்டலில் வேலையிலிருந்த அப்பா போனில் கூப்பிட்டார்.

"மக்ளே, கிட்டிச்சா?"

"கிட்டிச்சுப்பா. நாளைக்கு மெடிக்கல்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஷிஜிக்குப் பின்னே கேக்கவே வேண்டாம். அவ பால் வாங்கப் போனாலே பரேடுக்குப் போற மாதிரில்லா போவா."

அப்பாவின் குரல் எப்போதும் போனுக்கு வெளியேயும் கேட்கும்.

"பரேடு முடிஞ்சு போச்சுன்னு சொல்லு உங்க அப்பாட்ட," என்றாள் ஷிஜி. சிரிக்கத்தான் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்பப் பாறசாலை பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஷிஜி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"எதுலடி போச்சு உனக்கு?"

"அறிஞ்சூடா, தெரியலடி. உள்ளத உள்ளபடிதான் போட்டேன். ஒருவேள அதுவா இருக்கும். ராத்திரி ஒத்தைக்கு காவல் நிக்கச் சொன்னா பயமாருக்குமான்னு கேட்டிருந்தாங்கல்லா, ஆமான்னு போட்டேன்."

"உனக்கா? பயமா?"

"பின்னே! இருட்டுல ஒத்தைக்கு ஓடச் சொன்னா நான் ஒரு அடி வைக்கமாட்டேன். தெனம் உன் வீடுவரைக்கும் மூச்சப் புடிச்சுட்டு வந்து உன்ன எதுக்கு எழுப்புனேன்னு நெனச்ச? பாசத்துலயா?"

அந்தக் கேள்விக்கு நான் பயமில்லை என்று குறித்திருந்தேன், ஷிஜி அப்படித்தான் சொல்வாள் என்று.

"நீ என்ன போட்ட?"

"பயமில்லன்னு."

"அது சத்தியந்தானே. ஒத்தைக்கு இருக்க விட்டா உனக்குச் சோறே வேண்டாமே."

அப்படியானால் அது என் பதிலா? மற்றவற்றில் எது எனது, எது அவளுடையது? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு கேள்வியும் கைநழுவிப் போயிற்று. நான் எழுதிய ஷிஜியை எனக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது கேட்டாள்: "மெடிக்கலுக்கு நானும் கூட வரேன், வெளிய நிக்கலாம்லா? எத்தன மணிக்கு எழுப்பணும்?"

"நீ எழுப்ப வராண்டாம்," என்றேன். "நான் வந்து கூப்பிடுதேன். இருட்டாருக்கும்."