தபால் அட்டையில் ஒரு சிப்பாய்

வெள்ளிக்கிழமை வரவேண்டிய அட்டை திங்கள்கிழமைதான் வந்தது. நடுவில் இருந்த மூன்று நாளும் துரைராசு ஓரிடத்தில் உட்காரவில்லை. வயலுக்குப் போவார், பாதி வரப்பில் திரும்பி வருவார். தெருவில் எந்த ஸ்கூட்டி சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவார். அவர் மனைவி பிரகதாம்பாள், "நான் வயித்துப்புள்ளக்காரியாப் பிரசவத்துக்குப் போயிருந்தப்பக்கூட நீங்க இப்படித் தவிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு சோற்றை மூடி வைத்தாள்.

எழில்மொழி ஸ்கூட்டியை நிறுத்தி அட்டையை நீட்டினாள். மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்த நான்கு ஊருக்கும் அவள்தான் தபால் கொண்டுவருகிறாள். ஐந்து வருஷமாக இந்த அட்டைகளைச் சுமந்து சுமந்து, படித்துப் படித்து, அவளுக்கே செஸ் பாதி வந்துவிட்டது.

"இந்தத் தடவ பாய் ஒண்ணுமே எழுதல சார். ஆட்டம் மட்டுந்தான்" என்றாள்.

துரைராசு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கீழ்வேளூர் அப்துல் ஜலீலாவது, ஒன்றும் எழுதாமல் அட்டை போடுவதாவது!

இருவரும் மஸ்கட்டில் ஒன்பது வருஷம் ஒரே அறையில் கட்டிலோடு கட்டில் கிடந்தவர்கள். ஊர் திரும்பியதும் துரைராசு தன் மூன்றரை ஏக்கரைப் பார்க்க ஆரம்பித்தார். ஜலீல் கீழ்வேளூரில் மோட்டார் சாமான் கடை வைத்தார். மஸ்கட்டில் தினமும் ஆடிய செஸ்ஸை விட மனசில்லை. "போன்ல ஆடுனா மூள ஓடாது துரை, வெரல்தான் ஓடும்" என்று ஜலீல் சொன்னதால் தபால் அட்டை என்று முடிவாயிற்று. அட்டைக்கு ஒரு நகர்த்தல். அனுப்பினது அனுப்பினதுதான், திரும்பக் கேட்கக் கூடாது. போனில் கல்யாணம் காட்சி, உடம்பு, மழை எல்லாம் பேசலாம், நடக்கிற ஆட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது என்று தனியாக ஒரு விதி போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் திருடாதே என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா?

பதினோரு வருஷம், பதினைந்து ஆட்டம். அதில் நான்கில்தான் துரைராசு ஜெயித்திருக்கிறார். ஆனால் அட்டையில் நகர்த்தலுக்கு ஒரு வரி போதும். மிச்ச இடமெல்லாம் சண்டைக்கு. வெள்ளைக் காய் கையில் வந்தால் ஜலீல் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை இந்தா வெட்டிக்கொள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் படையை இறக்குவார். கிங்ஸ் காம்பிட் என்று அதற்குப் பெயர். துரைராசுவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். 'ஆரம்பத்திலேயே ஆளைத் தூக்கிக் கொடுக்கிறவர், கடைசியில் ராஜாவுக்குக் காவல் நிற்க யாரைக் கூப்பிடுவீர்கள் பாய்?' என்று எழுதுவார். 'பொத்திப் பொத்தி வைத்தால் சிப்பாய் குட்டியா போடும்?' என்று பதில் வரும். ஜலீல் மகள் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்து இருவரும் இதையே கத்திப் பேச, சம்பந்தி வீட்டுச் சண்டை என்று நினைத்து நாலு பேர் விலக்கிவிட வந்தார்கள்.

அப்படிப்பட்டவரின் அட்டை இப்போது முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. 'பதினான்கு. யானை, உன் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டுகிறது.' அவ்வளவுதான்.

துரைராசு உள்ளே போய்ப் பலகையில் யானையை நகர்த்திப் பார்த்தார். முழு யானையை ஒரு சிப்பாய்க்காகக் கொடுத்திருந்தார் ஜலீல். ராஜா அதை வெட்டினால் ராணி உள்ளே புகும், ஐந்தே நகர்த்தலில் கதை முடியும். வெட்டாவிட்டாலும் மூச்சு முட்டியது. இரண்டு நாள் பார்த்தார். வழியே தெரியவில்லை. பாயிடமிருந்து இப்படி ஓர் ஆட்டம் இதுவரை வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, முகம் கழுவும்போது, போன மாத அட்டையின் மூலையில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. 'மகன் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் இல்லாதது இல்லை.'

அந்த எண்ணம் வந்தது வந்ததுதான், அப்புறம் போகவில்லை. மூன்று நாள் தாமதம். ஒரு வார்த்தை எழுதவில்லை. புது போன். கணக்கு சரியாக இருந்தது. சீ, பாயைப் போய் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே அடுத்த நிமிஷம் திரும்பவும் நினைத்தார்.

"என்ன, பாய் உங்கள மடக்கிட்டாராக்கும்?" என்றாள் பிரகதாம்பாள்.

"அவரா மடக்குனாருன்னுதான் தெரியல."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று வாய்க்காலில் அவருக்குத் தண்ணீர் முறை. சம்பா நாற்றங்காலுக்கு மடையைத் திறந்துவிட்டு, மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். செஸ் ஆட்டத்தை அலசிச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கினார். பாய் மேல் இருக்கிற சந்தேகம் தீர்ந்தால் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணம். கம்ப்யூட்டரும் இதே யானையைத்தான் நகர்த்தச் சொல்கிறதா? சொன்னால் பாய் திருடர். சொல்லாவிட்டால் பாய் யோக்கியர். இவ்வளவுதானே!

பதின்மூன்று நகர்த்தலையும் வரிசையாகத் தட்டினார். யானையை நகர்த்தச் சொல்லவில்லை கம்ப்யூட்டர். துரைராசு யானையால் சிப்பாயை வெட்டிக் காட்டினார். அது பெரிய தப்பு என்று சிவப்பில் ஒரு குறி விழுந்தது. பாய் யாரையும் கேட்கவில்லை. அது அவர் சொந்த மூளை, சொந்த வீரம், சொந்தத் தப்பு.

துரைராசு நெஞ்சு நிறைந்து, "பாய், பாய்" என்று வாய்விட்டே சொன்னார். அந்த நிறைவு ஒரு நொடிதான் நின்றது. ஏன் தப்பு என்பதையும் அந்தப் பாழாய்ப்போன ஆப் கேட்காமலே காட்டியது. திரையில் ஒரு பச்சை அம்புக்குறி. ராஜா யானையைத் தொடவே வேண்டாம். குதிரையை, அது முதன்முதலில் கிளம்பிய கட்டத்துக்கே பின்னால் கொண்டுபோய் வைத்தால் போதும். வெள்ளையின் வேகமெல்லாம் அங்கேயே படுத்துவிடும். யானையும் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து என்ன செய்ய? கண்ணை மூடினாலும் அந்தக் குதிரை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பாய் திருடரா என்று பார்க்கப் போனவர் தானே திருடனாக எழுந்து நின்றார்.

மடையைத் திறந்தது சுத்தமாக மறந்துபோயிற்று. பொழுது சாயும்போது பிரகதாம்பாள் வந்து பார்த்தால், நாற்றங்காலில் முழங்கால் தண்ணீர். பதினைந்து நாள் நாற்று தலை தெரியாமல் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வயல்காரர்கள் ஓடிவந்து வடிகால் வெட்டிவிட்டார்கள். பாதி நாற்று பிழைத்தது.

அதன்பின் நான்கு நாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குதிரையைப் பின்னால் வைத்தால் அது திருட்டு. வேறு எதையாவது வைத்தால் அது வேஷம். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் தானே அந்தக் குதிரையைப் பார்த்திருப்போமா? அதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஒருவேளை பார்த்திருக்கலாம். இனி எந்தக் காலத்திலும் அது தெரியப்போவதில்லை. பாயிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதென்றால், உங்களைத் திருடர் என்று நினைத்தேன் என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று அட்டைகள் எழுதிக் கிழித்தார். நான்காவதில், 'வழி தெரியவில்லை பாய். ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன். அற்புதமான யானை' என்று எழுதி எழில்மொழி கையிலேயே கொடுத்தார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஆட்டம் முடிந்துவிட்டதால் இனிப் பேசத் தடையில்லை. ஜலீல் குரலில் குதி இருந்தது.

"துரை! வீட்டுல ஹலீமாகிட்ட அட்டையக் காட்டிட்டேன். கடைக்கு வர்றவன்கிட்டயெல்லாம் காட்டிட்டேன். காம்பிட்டப் பத்தி இனிமே பேசுவியா?"

"பேச மாட்டேன் பாய்."

"ஏன் ஒண்ணும் எழுதாம அனுப்புனேன் தெரியுமா? அதுல ஒரு ஓட்ட இருக்கு. மூணு நாளு கையில வச்சிக்கிட்டுப் போடவா வேண்டாமான்னு கெடந்தேன். எழுதுனா எதையாச்சும் ஒளறிடுவேன்னுதான் வாயப் பொத்திக்கிட்டேன்." சிரித்தார். "குதிரையப் பழைய எடத்துக்கே திருப்பிருந்தா நான் காலி."

துரைராசு போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"அதான்ப்பா எனக்குப் புரியல. பின்வாங்குறதுல நீதான் கில்லாடி. பதினோரு வருசமா அதத்தான ஆடுற. இத நீ பாக்காம விட்ருக்க மாட்டியே. ஒடம்புக்கு எதுவும் முடியலயா?"

அந்த அக்கறையைத்தான் துரைராசுவால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். எல்லாவற்றையும் சொன்னார். புது போன் என்று எழுதியதைப் படித்தது, சந்தேகம் வந்தது, கொட்டகையில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தது, சிவப்புக் குறி, பச்சை அம்பு.

அந்தப் பக்கம் கடையில் யாரோ வாஷர் என்ன சைஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னயவா நெனச்ச, துரை?"

"தப்புத்தான் பாய்."

"போன ஐப்பசியில என் ராணிய மடக்குனியே. ரெண்டு குதிரையும் வச்சு."

"ஆமா பாய்."

"அது?"

துரைராசு ஜெயித்த நான்கு ஆட்டத்தில் அதுதான் மணியான ஆட்டம். பன்னிரண்டு நாள் யோசித்து ஆடியது. "அது நான்தான் பாய். சத்தியமா நான்தான். இது ஒண்ணுதான்."

"சரி" என்றார் ஜலீல். "கடையில ஆள் நிக்கிது. அப்பறம் பேசுறேன்."

அப்புறம் பேசவில்லை. நடவு தொடங்கியது. பற்றாத நாற்றை வெளியூரில் கேட்டு வாங்கி, இருந்ததோடு சேர்த்து நட்டார்கள். துரைராசு வரப்பில் நின்றபடியே ரோட்டைப் பார்த்தார். மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியில் அட்டைகளெல்லாம் அடுக்கி இருந்தன. ஐப்பசி ஆட்டத்தின் அட்டைகளை எடுத்து ஒருநாள் முழுக்கப் பார்த்தார். எந்த அட்டையிலும் அது தன் ஆட்டம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. அடுத்த நகர்த்தல் மட்டும்தான் இருந்தது.

"கெளம்பிக் கீவளூருக்கே போயிட்டு வாங்களேன். ஒண்ணர மணி நேரம் பஸ்ஸு" என்றாள் பிரகதாம்பாள்.

"போயி என்னத்தச் சொல்றது? சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. நம்புறது அவரு கையில."

பத்தொன்பதாம் நாள் எழில்மொழியின் ஸ்கூட்டி நின்றது. வழக்கமாகத் தெருமுனையிலேயே 'சார், பாய்!' என்று கத்துகிறவள், அன்று பேசாமல் நீட்டினாள்.

புது ஆட்டம். வெள்ளை ஜலீலுக்கு. 'ஒன்று. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம்.'

துரைராசு இரண்டு முறை படித்தார். எச்சரிக்கையான, காவலான, ஆளைக் கொடுக்காத தொடக்கம். இப்படி ஆடுங்கள் என்றுதான் பதினோரு வருஷம் பதினைந்து ஆட்டத்திலும் அவர் எழுதி எழுதிக் கெஞ்சியது. கீழே ஒரே ஒரு வரி. 'நீ சொன்னதுதான் சரி. எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கக் கூடாது.' எப்போதும் 'உன் பாய்' என்று முடிகிற இடத்தில் அ. அப்துல் ஜலீல் என்று முழுப் பெயர் இருந்தது.

வாதத்தில் ஜெயித்தாயிற்று. துரைராசு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் அப்பறமா வரட்டுமா சார்?" என்றாள் எழில்மொழி.

"இரும்மா. பதில வாங்கிட்டுப் போயிடு."

உள்ளே போய் அட்டையும் பேனாவும் எடுத்து வந்தார். எப்போதும் ஒரு நகர்த்தலுக்கு நான்கு நாள் எடுத்துக்கொள்கிறவர், நின்றபடியே எழுதினார். எழுதி அவளிடம் கொடுத்தார்.

எழில்மொழி வழக்கம்போலப் படித்தாள். 'ஒன்று. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம். எடுத்துக்கொள்ளுங்கள் பாய்.' மனசுக்குள் பலகையைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைச் சிப்பாயின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்த கருப்புச் சிப்பாய். துணைக்குப் பக்கத்தில் ஒரு காயும் இல்லை.

"சார், காவலே இல்லாம வச்சிருக்கீங்க. இது பாய் ஆடுற ஆட்டமில்ல?"

"ஆமாம்மா."

"வெட்டிருவாரே."

"வெட்டட்டும்" என்றார் துரைராசு. "அட்ட வந்தாப் போதும்."