பச்சை வாய் எலிகள்

எலியை நீச்சலுக்கு விடுவது என் வேலை. உயரமான கண்ணாடி ஜாடி, முக்கால்வாசித் தண்ணீர், ஆறு நிமிடம். எலி தத்தளிப்பதை நிறுத்திச் சும்மா மிதந்தால் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன், மறுபடி காலை உதைத்தால் நிறுத்துவேன். சீக்கிரம் கைவிடும் எலிக்கு மனச்சோர்வு, மருந்து வேலை செய்த எலி கூடுதல் நேரம் போராடும் என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை. எலியை யாரும் கேட்டதில்லை.

எந்த எலிக்கு நாங்கள் சோதிக்கும் இலைச்சாறு, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்பது எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. அதற்காகவே பக்கத்து அறையில் வேறொருவர் குழாய் வைத்துப் புகட்டுவார். ஆனால் அந்த இலைச்சாறு மீசையில் ஒட்டிக்கொள்ளும். கூண்டிலிருந்து தூக்கும்போதே பச்சை வாய் தெரியும். முதல் நாளே கண்டுகொண்டேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

காரணம் என் அண்ணன். பஸ் டிரைவர். ஏழு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் தேறினார், ஆனால் கை நடுங்கியது. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எவன் எனக்கு ஸ்டியரிங் கொடுப்பான்?" என்று ஒரு தடவை கேட்டார். கை நடுங்காத மருந்து ஒன்று இந்த இலைக்குள் இருந்துவிட்டால் என்று எனக்கு ஆசை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பச்சை வாய் எலி மிதந்தால் என் கட்டைவிரல் ஒரு நொடி தாமதித்தது. வால் லேசாக ஆடினாலும் போராட்டம் என்று வைத்துக்கொண்டேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

முடிவு பிரமாதமாக வந்தது. எங்கள் தலைவர் (ஆய்வகத்தில் 'கஷாயம்' என்றால்தான் தெரியும்) கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய கையோடு செய்தித்தாளுக்கும் பேட்டி கொடுத்தார். படத்தில் அவருக்குப் பின்னால் ஜாடியோடு நான். அண்ணி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது மிக்ஸியில் அந்த இலை அரைபட்டுக்கொண்டிருந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டோம். நம்ம வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சதை விடவா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க அண்ணி," என்றேன். ஒரே ஒரு தடவை. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அண்ணி என்னைப் பெருமையோடு பார்த்த பார்வையில் எனக்கு மனம் குளிர்ந்துபோயிருந்தது.

அண்ணன் தேறினார். ஒவ்வொரு ஞாயிறும் முகம் மழித்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "உன் எலிங்க எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். கை நடுங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கர்வத்தில் கண்ணீர் வரும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது ஆறு வாரம் ஓடியது. எலிகள் நீந்தியதை எடுத்த வீடியோவை வேறொருவர் பார்த்து எண்ண வேண்டும் என்று பத்திரிகை கேட்டிருந்தது. எங்கள் புள்ளியியல்காரர் எண்ணினார். காமிரா மேலே இருந்தது, அதில் எலியின் முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. சாறு குடித்த எலிக்கும் தண்ணீர் குடித்த எலிக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

கஷாயத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எலிக்கு வேலை செய்யலைன்னா மனுஷனுக்கும் செய்யாதுன்னு யாரும்மா சொன்னது?" என்றார். "போய் வேலையைப் பாரு."

நான் வேலையைப் பார்க்கவில்லை. அன்று புதன்கிழமை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி வழிவிடாமல் நின்றாள்.

"இன்னைக்கு ஏன் வந்தே?"

"அண்ணனைப் பார்க்கணும்."

"தூங்குறாரு."

அவளை விலக்கிக்கொண்டு போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்று நாள் தாடி. கட்டிலடியில் தொடாத சாப்பாட்டுத் தட்டு. அறை முழுக்கப் பச்சை இலை வாடை.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எந்திரிக்கிறாரு," என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. நான்தான் ஷேவ் பண்ணி விடுறேன். 'அவ பேரு பேப்பர்ல வந்திருக்கு, என்னால கெட்டுடக் கூடாது'ன்னு சொல்றாரு. நீ போனதும் விழுந்தா அடுத்த ஞாயிறுதான்."

என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. எலியிடம் செய்ததைத்தான் அண்ணனிடமும் செய்திருக்கிறேன். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

என் குரல் கேட்டு அண்ணன் அசைந்தார். கையை ஊன்றி எழப் பார்த்தார். இன்னொரு கை தாடியைத் தடவிப் பார்த்தது.

"படுத்துக்கோ அண்ணா. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல."

அவர் மறுபடி சாய்ந்தார். நான் கட்டிலடியில் உட்கார்ந்து சொன்னேன். "அந்த இலையில ஒண்ணும் இல்லண்ணா. நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

"தெரியும்," என்றார் சுவரிடம். "குடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் என்று கேட்டார். நாற்பத்தைந்து என்றேன். உடனே கூட்டி வரச் சொன்னார். பிறகு, குறிப்பெடுப்பதற்காக, இடையில் ஏதாவது முன்னேற்றம் தெரிந்ததா என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுது டாக்டர்," என்றேன்.