நகர்ந்துபோன மண்மேடு

படகுத்துறையில் எல்லோரும் அவரைக் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். யாரும் மேடை போட்டுக் கொடுத்த பட்டமல்ல. செகண்ட் ஹேண்டில் அந்தச் சின்னப் படகை வாங்கிய அன்றே, நங்கூரம் பொறித்த வெள்ளைத் தொப்பி ஒன்றையும் வாங்கி மாட்டிக்கொண்டார். தொப்பியைப் பார்த்த யாரோ கிண்டலாக “என்ன கேப்டன்!” என்றார்கள். கிண்டலைக் கழித்துவிட்டு மிச்சத்தை இவர் வைத்துக்கொண்டார்.

அதற்கு முன் முப்பது வருஷம் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை ஆராயும் வேலை. ‘நான் நேராகத்தான் போனேன் ஐயா, மரம்தான் குறுக்கே வந்துவிட்டது’ என்கிற ரக விண்ணப்பங்களைப் படிப்பார். ஓரத்தில் சிவப்பு மையில், ‘மரம் நின்ற இடத்திலேயே நின்றது. நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதுவார். அந்த வாசகம் அலுவலகத்தில் பிரசித்தம்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழிமுகத்தின் நடுவே இருக்கும் மண்மேட்டில் கேப்டன் படகை ஏற்றினார். வரைபடத்தில் அந்த மேடு மஞ்சள் நிறத்தில், குழந்தைக்குக்கூடத் தெரியும்படி இருந்தது. “கரையோரமாச் சுத்திப் போயிடலாமே” என்று மனைவியும் சொன்னார். கேப்டன் சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த ஆழமானியைத் தட்டிக் காட்டினார். தீப்பெட்டி அளவுத் திரையில் வெறும் எண் மட்டும் தெரியும் பழைய பெட்டி அது.

“நாலு மீட்டர் காட்டுது. நம்ம படகுக்கு நாலடி இருந்தாப் போதும். இங்க யானை நின்னாலும் முங்கிடும்!”

அடுத்த நிமிஷம், கெட்டிச் சோற்றில் கரண்டி குத்தினாற்போல் படகு நின்றது. தண்ணீர் மறுபடி ஏறி வந்து தூக்கிவிட ஆறு மணி நேரம் ஆயிற்று. மண்மேடுகள் எப்படி இடம் நகர்கின்றன என்று அந்த ஆறு மணி நேரமும் கேப்டன் விளக்கினார். எழுந்து போக வழியில்லாத மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் வீடும் புத்தம்புதுப் படகும் உள்ள சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அந்த வழியாக வந்தான். கிட்டே வந்தால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று தூரத்திலேயே நின்று, தன்னால் முடிந்த உதவியாக ஒரு போட்டோ எடுத்தான்.

மறுவாரமே கேப்டன் வரைபட அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். படகுச் சங்கத்தில் ‘நகரும் மண்மேடுகள்: ஒரு மாலுமியின் நேரடி அனுபவம்’ என்று முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். பேச்சு முடிந்தால்தான் டீ என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

மனைவி மட்டும் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

“இனி அந்தப் படகுல நான் கால் வைக்கணும்னா, ஆழம் என்னன்னு கம்ப்யூட்டர் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. படகு எங்க நிக்குது, கீழ எவ்வளவு தண்ணி, ரெண்டும் ஒரே திரையில எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் தங்கச்சி வீட்டுக்கு அவ புருஷன் படகுலயே போய்க்கறேன்.”

சொன்னபடியே போனார். மாதம் இரண்டு முறை, கேப்டனின் மனைவி இன்னொருவர் படகில் ஏறிப் போவதை மொத்தத் துறையும் பார்த்தது. தொப்பியைக் கீழே இறக்கிக்கொண்டு கேப்டன் கயிற்றைச் சுருட்டுவார். சுருட்டிய கயிற்றையே திரும்பச் சுருட்டுவார்.

படகில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டியும் ஆழமானியும் லேப்டாப்புகள் பிறப்பதற்கு முந்தைய சரக்கு. போன மாதம் ஓர் ஆலோசகரை வரவழைத்தார். பெயரைவிடப் பதவி நீளமாக அச்சடித்த அட்டையோடு வந்த அவர், வயரைக் கையால்கூடத் தொடாமல் குனிந்து பார்த்தார். “இதெல்லாம் அந்தக் காலத்துச் சீரியல் வயர் சார்” என்றார், பெரிய டாக்டர் வெளியே வந்து கைவிரிக்கும் குரலில். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடச் சொன்னார். கேப்டன் அவரை வழியனுப்பிவிட்டுத் தானே வேலையில் இறங்கினார்.

இந்த இடத்தில் அவரைக் குறைசொல்ல முடியாது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பழைய கையேடுகளைப் புரட்டி, இரண்டு வாரம் உழைத்தார். ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஜோடி வயர் வழியாக விநாடிக்கு ஒரு வரி தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை லேப்டாப்பின் யூ.எஸ்.பி. துளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு அடாப்டர். பெட்டிக்கொன்றாக இரண்டு வாங்கினார். எந்த வயர் எந்தத் திருகில் போகும் என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை மதியம், ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பார்த்தார். எண்கள் ஓடின. ஓடுவதைப் பார்த்ததே போதும் என்று மூடி வைத்துவிட்டார்.

மீதி வேலையை அவருடைய பந்தா பார்த்துக்கொண்டது. மறுநாள் ஞாயிறு, மனைவியின் தங்கை மகளுக்குப் பிறந்தநாள். பதினோரு மணிக்குச் சகலை படகு வந்துவிடும். பத்து மணிக்கே மனைவியைத் துறைக்கு வரச்சொன்னார். எல்லா வயரையும் முன்கூட்டியே செருகி, பெட்டிகளை ஓடவிட்டு, லேப்டாப்பைத் துடைத்து வைத்தார். மனைவியின் கண்ணெதிரே பவர் பட்டனை அழுத்துவது என்று ஒரு திறப்பு விழாவாகவே ஏற்பாடு.

மனைவி வந்தார். பரிசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, துறையில் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்தார். படகுக்கும் அவர் செருப்புக்கும் ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்தை ஆறு மாதமாக யாராலும் குறைக்க முடியவில்லை.

“ஆரம்பிக்கிறேன்!” என்று படகின் அறைக்குள்ளிருந்து கேப்டன் குரல் கொடுத்தார்.

“ஆரம்பிங்க.”

லேப்டாப் கண்விழித்தது. அம்புக்குறி திரையின் நடுவில் ஒரு விநாடி சாதுவாக நின்றது. பிறகு விருட்டென்று மேல் மூலைக்குப் பாய்ந்தது. அங்கிருந்து கீழே, கீழேயிருந்து குறுக்கே. கேப்டன் கையை எடுத்துவிட்டார். அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. கண்டதையும் க்ளிக் செய்தது. கால்குலேட்டர் நாலைந்து திறந்தது. சங்கத்துப் பேச்சுக்காக எழுதிய மண்மேட்டுக் கட்டுரை திறந்து மூடியது. படங்கள் இருந்த ஃபோல்டருக்குள் நுழைந்து எதையோ அழுத்த, சகலை எடுத்து அனுப்பியிருந்த அந்தப் போட்டோ திரை முழுக்க வால்பேப்பராக விரிந்தது: சாய்ந்த படகு, அதன்மேல் இடுப்பில் கைவைத்தபடி தொப்பியோடு கேப்டன்.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணுமில்ல. செட் ஆகுது.”

அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அதே ஆட்டம். மணி பத்து முப்பத்தைந்து.

“இங்க பாரு, பதட்டப்படாம கேளு. யாரோ நம்ம கம்ப்யூட்டரைக் கைப்பத்திட்டாங்க. மவுஸ் தானா ஓடுது. வெளிநாட்டுக் கும்பலா இருக்கும்.”

“உங்க கம்ப்யூட்டரைக் கைப்பத்தி எதை அள்ளிட்டுப் போகப் போறாங்க? மண்மேட்டுக் கட்டுரையையா?” என்ற மனைவி, சற்று நிறுத்தி, “மவுஸ் எப்படி ஓடுது? விநாடிக்கு ஒரு தடவை விட்டு விட்டுக் குதிக்குதா?” என்று கேட்டார்.

கேப்டன் உற்றுப் பார்த்தார். “ஆமா… உனக்கெப்படித் தெரியும்?”

“வயரெல்லாம் செருகிட்டு அப்புறமா ஆன் பண்ணீங்களா?”

“பின்னே? நீ வந்ததும் ஒரே பட்டன்ல எல்லாம்…”

மனைவி நெற்றியில் தட்டிக்கொண்டார். அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷ வேலை. அங்கே ரத்த அணுக்களை எண்ணும் கிழட்டு மெஷின் ஒன்று, இதே மாதிரிச் சீரியல் வயரில்தான் கம்ப்யூட்டரோடு பேசும். இந்த விஷயம் கேப்டனுக்குத் தெரியாது. ‘வேலை எப்படி இருந்துச்சு?’ என்று சாயங்காலங்களில் அவர் கேட்பதுண்டு. பதில் வருவதற்குள் மண்மேட்டுக்குப் போய்விடுவார்.

“எங்க லேப் சுவத்துல பெருசா எழுதியே ஒட்டியிருக்கோம். கம்ப்யூட்டர் முழிக்கும்போது வயர் செருகியிருக்கக் கூடாதுன்னு. அது கண்ணைத் திறக்கறப்போ யாராவது விடாமப் பேசிட்டே இருந்தா, ‘ஏதோ பழைய மவுஸ் வந்திருக்கு போல’ன்னு நினைச்சுக்கும். உங்க ஜி.பி.எஸ். நாம எங்க இருக்கோம்னு சொல்லிட்டிருக்கு. அதைக் கம்ப்யூட்டர், மவுஸ் நகருதுன்னு எடுத்துக்குது. எங்களுக்கு ஒரு தடவை பாதி நாள் ரிப்போர்ட்டையே அழிச்சுடுச்சு.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“கேட்டீங்களா?”

கேப்டனின் கை பவர் பட்டனுக்குப் போனது.

“அணைச்சிட்டு, ரெண்டு வயரையும் உருவுங்க. முழுசா முழிக்கட்டும். அப்புறம் செருகுங்க. சீக்கிரம், அங்க அவன் படகு தெரியுது.”

கேப்டன் ஜன்னல் வழியே பார்த்தார். தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. அணைத்தார், உருவினார், போட்டார். அம்புக்குறி நடுவில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. முதலில் ஜி.பி.எஸ். வயரைச் செருகினார். திரையில் வரைபடம் விரிந்து, துறையின் ஓரத்தில் ஒரு குட்டிப் படகு முளைத்தது. அடுத்ததையும் செருகினார்.

“வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு! ஏறு, ஏறு!”

“இருங்க. படத்தை நம்பக் கூடாது. மெஷின் அனுப்புற வரி அப்படியே தெரியற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒரு விண்டோ இருக்கும், அதைத் திறங்க. லேப்ல முதல்ல அதைத்தான் பார்ப்போம். ஆழமானி என்ன அனுப்புது? படிங்க.”

கேப்டன் திறந்து படித்தார். “ஏழு புள்ளி எட்டு, எஃப். ரெண்டு புள்ளி நாலு, எம். அப்புறம் இன்னொண்ணு என்னவோ.”

“எஃப்னா அடி, எம்னா மீட்டர். கீழ இருக்கற தண்ணி ஒண்ணுதான், ரெண்டு கணக்குலயும் சொல்லுது. சரி, சுக்கான்கிட்ட இருக்கற அந்தக் குட்டித் திரையில என்ன காட்டுது?”

கேப்டன் திரும்பி ஆழமானியைப் பார்த்தார்.

7.8.

ஆறு மாதம் முழுவதும் அவருக்குள் மெல்லத் திரும்பிப் படுத்தது. நாலு மீட்டர். யானை. நான்கு பக்கக் கடிதம். முக்கால் மணி நேரப் பேச்சு. அன்றைக்கு அந்தப் பெட்டி காட்டியது நாலடி. படகுக்கு வேண்டியதும் நாலடி. பெட்டி பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

“என்னங்க? என்ன காட்டுது?”

மனைவி இருந்த இடத்திலிருந்து அந்தத் திரை தெரியாது. ‘ரெண்டு புள்ளி நாலு’ என்று சொன்னால் தீர்ந்தது. அவர் ஏறிவிடுவார். பெட்டியின் பின்னால் ஒரு பட்டன் இருக்கும், நாளைக்கு அழுத்தி மீட்டருக்கு மாற்றிவிடலாம். ஒரு பிராணிக்கும் தெரியப் போவதில்லை. கேப்டன் வாயைத் திறந்தார்.

திறந்தபோது, தன் கண்கள் படகின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். முப்பது வருஷமாக மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில், பொய் சொல்லப் போகிறவன் முதலில் கூரையைத்தான் பார்ப்பான்.

தொப்பியைக் கழற்றி லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

“ஏழு புள்ளி எட்டு” என்றார். “அடியில காட்டுது. எப்பவுமே அடியிலதான் காட்டியிருக்கு.”

எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குள் சகலையின் படகு உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது.

“என்னண்ணே, இன்னிக்கு மண்மேடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கு?” என்று வழக்கமான விசாரிப்பு. “அக்கா, வாங்க, பையைக் குடுங்க.”

மனைவி எழுந்தார். பையை நீட்டினார், சகலையிடம் இல்லை, அறைவாசலில் நின்ற கேப்டனிடம். பிறகு சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு, அந்த ஒரு முழத்தைத் தாண்டி உள்ளே கால்வைத்தார்.

“நீ முன்னாடி போ தம்பி. நாங்க பின்னாடி வர்றோம்.”

சகலை கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். துறையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. 

“கோபமில்லையா?” என்று கேப்டன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அது வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம். கம்ப்யூட்டர் ஆழம் சொல்லணும்னு கேட்டேன், சொல்லிடுச்சு. நீங்களும் சொல்லுவீங்கன்னு நான் எதிர்பார்க்கலை.” லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தவர், வரைபடத்துக்குப் பின்னால் விரிந்திருந்த வால்பேப்பரைப் பார்த்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “கிளம்புங்க!”

கழிமுகத்தின் நடுவே போகும்போது மனைவி வாசித்துக்கொண்டே வந்தார். “பன்னிரண்டு அடி… பத்து… எட்டு. இடது பக்கம் திருப்புங்க.” ஏன் என்று கேட்காமல் கேப்டன் திருப்பினார். வலப்பக்கம், வரைபடத்தில் மஞ்சளாக இருந்த அதே இடத்தில், மண்மேடு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஏழெட்டு நாரைகள் அதன்மேல் கணுக்கால் தண்ணீரில் நின்றன.

“நின்ற இடத்திலேயே நிக்குது” என்றார் கேப்டன். “நிராகரிக்கப்படுகிறது.”

“அடுத்த மாசம் சங்கத்துல திரும்பவும் உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்காங்கல்ல?”

“தலைப்பை மாத்தணும்.”

“மாத்துங்க. படத்துக்கு அலைய வேண்டாம், திரையிலயே இருக்கு. பதினோரு அடி. நேரா போங்க.”