இருபது நிமிடக் கஞ்சி

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் எண்பது பேருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுகிறவளை எல்லாரும் கேண்டீன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதெல்லாம் போன மழைக்காலம் வரைக்கும். அதற்குப் பிறகு அவள் பசையக்கா.

பெயர் வைத்த புண்ணியவான் மேனேஜர். முன்பெல்லாம் கெட்டி ஓட்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர், மலிவாகக் கிடைக்கிறதென்று தொட்டால் நொறுங்கும் மெல்லிய ஓட்ஸுக்கு மாறினார். ஆனால் கெட்டி ஓட்ஸ் காலத்தில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டிய தாளை மாற்றவில்லை. 'கஞ்சி இருபது நிமிடம் கொதிக்க வேண்டும்.'

"சார், இது மூணு நிமிஷத்துல வெந்துடும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா? எழுதியிருக்கறதச் செய்."

செய்தாள். அன்றைக்கு மேனேஜர் சாப்பாட்டு அறைக்கு வந்தார். ஒரு கிண்ணத்தில் விரலை விட்டு வழித்து, இரண்டு அட்டைத் துண்டுகளில் தடவி ஒட்டி, எல்லாரும் பார்க்கத் தூக்கி ஆட்டினார். "பிரியவே மாட்டேங்குது பாருங்க! இனிமே பசை தனியா வாங்க வேண்டாம்." எண்பது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனாரும் சிரித்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா வீட்டுக்குப் போயிடு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார் அந்த ஆள்.

வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில். அதனால் மறுநாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் மூன்றே நிமிடத்தில் இறக்கினாள். கஞ்சி பதமாக வந்தது. "நான் போட்ட போடுல ஒழுங்காயிட்டா" என்று மேனேஜர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு நாள் முதலாளியம்மா எல்லாரோடும் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட வரப்போவதாகத் தகவல் வந்தது. அன்று காலையில் மூன்று நிமிடம் ஆனதும் அவள் கை பழக்கத்தில் அடுப்பை அணைக்கப் போனது. பிடித்து இழுத்துக்கொண்டாள். போனால் வேலைதானே போகும் என்று நினைத்தாள். இருபது நிமிடமும் கிண்டினாள்.

முதலாளியம்மா கரண்டியைத் தூக்கினாள். கிண்ணமும் கூடவே எழுந்து வந்தது.

"ஏய்! என்னத்தக் காய்ச்சி வச்சிருக்க?" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"நீங்க எழுதின மாதிரியேதான் சார். மூணு நிமிஷம் போதும்னு சொன்னேன், நீங்க கேக்கல. வந்து பாருங்கம்மா, அடுப்புக்கு மேலயே ஒட்டியிருக்கு."

முதலாளியம்மா அடுப்பங்கரைக்குப் போய்த் தாளைப் படித்தாள். கையெழுத்தையும் பார்த்தாள். வெளியே வந்து, தன் கிண்ணத்தை மேனேஜர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கும் தினம் இங்கதான் சாப்பாடு, நீங்க எழுதின கணக்குப்படியே."

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளுக்குத் தேனாய் இனித்தது.

மறுநாளிலிருந்து அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் ஏறின. பெரியதை மூன்றே நிமிடத்தில் இறக்கினாள். சிறியதற்கு மட்டும் கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். தாளை யாரும் கிழிக்கவில்லை, கிழிக்கச் சொல்ல மேனேஜருக்கு வாயும் வரவில்லை.

ஆறாம் நாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா... எனக்கும் அந்தப் பெரிய பாத்திரத்துலேர்ந்து கொஞ்சம் ஊத்துங்களேன்."

அக்காவாம்! ஒரு நொடி அவள் மனம் இளகத்தான் பார்த்தது. விடவில்லை. சின்னப் பாத்திரத்திலிருந்து அகப்பையை உதறி உதறி அவர் கிண்ணத்தை நிரப்பினாள்.

"சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடுங்க சார். ஆறினா இன்னும் இறுகிடும்."