வண்டியை நிறுத்தாதே

படையலைப் பரப்பி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. நண்டுப் பிரட்டல், ஆட்டுக்கறி, காரம் தூக்கலான சம்பால், ஒரு டின் கறுப்பு பீர் என்று விமலனுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தன. கணவனின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு விஷ்ணுப்ரியா மகளைக் கூப்பிட்டாள்.

"வெளிய வா. அப்பா வந்து சாப்பிடட்டும்."

தீபாவளிக்கு முந்திய நாள் இறந்தவர்களுக்குப் படைத்து, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது விமலன் வீட்டுப் பழக்கம். சிறிது நேரம் கழித்து மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். விமலன் இறந்து ஒன்றேகால் வருடமாகிறது. போன தீபாவளி துக்கத்தில் போனதால் அவனுக்கு இதுதான் முதல் படையல்.

பின்னால் வந்த தாமரை, தினமும் கல்லூரிக்குக் கிளம்பும்போது செய்வதைப் போலவே கதவுக் குமிழின் பொத்தானை அழுத்திவிட்டு இழுத்துச் சாத்தினாள். சாவி உள்ளே மேசைமேல் கிடந்தது.

"ஐயோ ம்மா! லாக் பண்ணிட்டேன்லா."

விஷ்ணுப்ரியா குமிழைத் திருகினாள். அசையவில்லை. நல்லவேளை, தாமரையின் கையில் போன் இருந்தது. அதில் கூப்பிட்ட பூட்டுக்காரர் செலாயாங்கில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கும் ஜாம், இரண்டு மணி நேரமாகும் என்றார்.

"சன்னல் திறந்து இருக்கும்மா. திரை ஆடி விளக்குல பட்டுச்சின்னா?"

"வாயை மூடு."

"பொம்பாவைக் கூப்பிடலாமா?"

"சாமி விளக்கு எரியுதுன்னா பொம்பாக்காரன் தீயணைப்பு வண்டி எடுத்துட்டு வருவானா?"

தாமரை சுவரில் சாய்ந்துகொண்டாள். "உள்ளதான் அப்பா இருக்காரே. அவரே திறந்து விடட்டும்."

கேலிதான். ஆனாலும் விஷ்ணுப்ரியாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது. ஒரு வாரமாக மகள் இப்படித்தான் பேசுகிறாள். அதற்குக் காரணம் தான் சொன்ன ஒரு வார்த்தை என்பதும் அவளுக்குத் தெரியும்.

தாமரைக்கு லைசன்ஸ் கிடைத்த அன்று அது நடந்தது. இனி பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுபாங் ஜெயாவிலுள்ள கல்லூரிக்கு அவளே காரில் போவாள், அதுவும் விமலன் அடிபட்ட அதே கூட்டரசு நெடுஞ்சாலையில். "ரோட்டுல யாரு கையைக் காட்டினாலும் வண்டியை நிறுத்தாதே," என்றாள் விஷ்ணுப்ரியா. யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப அப்பா செஞ்சது தப்பா?" என்று மகள் கேட்டாள்.

சுங்கை வே அருகே பழுதாகி நின்ற காரை எவனோ ஒருவன் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து விமலன் தன் காரை ஓரங்கட்டினான். இறங்கிப் போய்த் தோள் கொடுத்தான். பின்னால் வந்த லோரி அவனை மட்டும் அடித்தது. அந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனவன் சாவுக்கும் வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கிடையே, முகமே தெரியாத அவன் முகத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

தப்பு என்று சொன்னால் விமலன் ஒன்றுமில்லாததற்காகச் செத்தான் என்றாகும். சரி என்றால் மகளையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இரண்டும் அவள் வாயில் வரவில்லை. தாமரையோ தன் பதிலைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். "எதுக்குமே அர்த்தம் இல்லம்மா. நிறுத்தினவர் செத்தாரு. நிறுத்தாம போனவங்க எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாங்க."

யாருமே நிறுத்தாத சாலை எப்படி இருக்கும் என்று அன்றிரவு விஷ்ணுப்ரியா கற்பனை செய்துபார்த்தாள். பயங்கரமாக ஒன்றும் தோன்றவில்லை. தினமும் பார்க்கும் சாலைதான் கண்ணில் வந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

மின்தூக்கி திறந்தது. பைகளோடு வந்த ஒரு தம்பதி இவர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். விஷ்ணுப்ரியா கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசனையா, புகையா என்று பிடிபடவில்லை.

அடுத்த முறை மின்தூக்கி திறந்தபோது, உள்ளே உணவு டெலிவரிப் பையோடு ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஹெல்மெட். மேலே போக வேண்டியவள், இந்த மாடியின் பொத்தானையும் தவறி அழுத்தியிருந்தாள்; இவர்கள் நின்ற கோலத்தைப் பார்த்துக் கதவைக் கையால் தடுத்தாள்.

"என்னம்மா, பூட்டிக்கிச்சா?"

"உள்ள விளக்கு எரியுதுக்கா."

"அட கடவுளே. வேற யாரும் இல்லையா வீட்டுல?"

"எங்கப்பா இருக்காரு," என்றாள் தாமரை. "சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"அப்ப தட்டுங்கலா! என்ன மனுசன்யா அவரு?" என்றவள் விஷ்ணுப்ரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஓ. படையலா?"

பையைத் தாமரையிடம் திணித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு மினரல் வாட்டர் போத்தலை எடுத்து மோட்டார் சாவியால் கிழித்து, அந்தத் தகட்டைக் கதவிடுக்கில் நுழைத்தாள். அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"பன்னெண்டாவது மாடிக்காரன். சூப்பு ஆறிடும்னு கத்துவான்."

"நீங்க போங்கக்கா. உங்களுக்கு ஸ்டாரைக் கொறைச்சிடுவான்," என்றாள் விஷ்ணுப்ரியா. உண்மையிலேயே அவள் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. யாரோ ஒருவர் தனக்காக நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"கொறைக்கட்டும்லா. கதவை உன் பக்கம் இழு. இன்னும். சோறு தின்னியா இல்லையா நீ?"

கால் மணி நேரம் போனது. தகடு இரண்டு முறை மடங்கிப்போனது. மூன்றாம் முறை தாழ் 'டக்'கென்று விலகியது. விஷ்ணுப்ரியா தட்டவும் மறந்து உள்ளே ஓடினாள்.

விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. திரை அதற்கு எட்டாத தூரத்தில் தொங்கியது. இலையில் எதுவும் குறையவில்லை. விமலன் படத்தில் எப்போதும்போல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நினைவு வந்து வெளியே வந்தபோது தாமரை மட்டும் நின்றிருந்தாள்.

"எங்கடி அவங்க?"

"பையை வாங்கிக்கிட்டு மாடிப்படியில ஓடிட்டாங்க. நீ வருவேன்னு கொஞ்சம் பார்த்தாங்க."

"பேரு கேட்டியா?"

"நீ கேட்டியா? தேங்க்ஸ்கூடச் சொல்லலைம்மா நாம."

விஷ்ணுப்ரியா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். விமலன் தோள் கொடுத்த அந்தக் காரோட்டியும் இப்படி நன்றி சொல்ல மறந்து எங்கோ உட்கார்ந்துவிட்டானோ? அல்லது நிஜமாகவே நன்றி கெட்டவன்தானோ? ஒன்றேகால் வருடமாக அவளிடம் உறுதியாக இருந்தது அவன்மீதிருந்த வெறுப்பு ஒன்றுதான். இப்போது அதுவும் பிடி நழுவியது எரிச்சலாக இருந்தது.

"இப்பவாச்சும் சொல்லு," என்றாள் தாமரை. "நிறுத்தணுமா, வேணாமா?"

"அன்னைக்கு நான் சொன்னதை மறந்துடு."

"அப்ப நிறுத்தணும்."

"அப்படியும் சொல்லலை."

"ரெண்டும் இல்லைன்னா ரோட்டுல நான் என்னதான் பண்றது?"

"தெரியலைடி. ஓரமா, நல்லா ஓரமா போய் நில்லு. சிக்னல் போடு. ரோட்டுல காலை வைக்காதே. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அவங்களையும் அங்க வரச் சொல்லு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு."

"அது நிறுத்துறதுதானேம்மா?"

"இரு, இரு," என்றாள் விஷ்ணுப்ரியா அவசரமாக. "முதல்ல எனக்குப் போன் பண்ணு. நான் யோசிச்சிச் சொல்றேன்."